கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்: என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகள்

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் முடித்து, இப்போது மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறேன். இது வெளியே தெரிந்த நாளிலிருந்து தமிழ்ப் பள்ளி வாசலிலோ லிவர்மோர் கோயில் சாப்பாட்டு வரிசையிலோ யாராவது ஒருவர், "ஒரு நிமிஷம் தனியா பேசலாமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. வாட்ஸாப்பில் ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பித் தொண்டை வறண்டுபோய்தான் இதை எழுதி வைத்தேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் படிக்கலாம், ஆனால் விதிகளை உங்கள் மாநில நர்சிங் போர்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ்னா நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரியா? அதுல படிச்சா "நிஜ" நர்ஸ் ஆக முடியுமா?

முடியும். இங்கே கொடுப்பது ஏ.டி.என். என்ற இரண்டாண்டுப் பட்டம். நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். முடித்தவரும் ஏ.டி.என். முடித்தவரும் எழுதுவது என்க்ளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வுதான், வாங்குவது ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம்தான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் "ஆர்.என்." என்றுதான் இருக்கும். எந்தக் காலேஜ் என்று எந்த நோயாளியும் கேட்டதில்லை.

இந்தப் படிப்பு பிறந்ததே ஆள் பற்றாக்குறையில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்சுகள் போதாமல் இருந்தபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மான்டேக், இரண்டு வருடத்தில் நர்ஸ் உருவாக்க முடியுமா என்று 1952-ல் சில ஜூனியர் காலேஜ்களில் சோதனை தொடங்கினார். அந்தச் சோதனைதான் இன்று நாடு முழுக்க ஓடுகிறது. நம் பக்கத்தில் கூப்பர்டினோவின் டி ஆன்ஸா, சான் ஹோசேயின் எவர்கிரீன் வேலி, ஹேவர்டின் சாபோ, நூவர்க் வளாகத்தில் ஓலோனி எல்லாமே ஏ.டி.என். நடத்துகின்றன.

ஆர்.என்., எல்.வி.என்., சி.என்.ஏ. எது எதுன்னே புரியலக்கா.

சி.என்.ஏ. என்பது உதவியாளர் வேலை. குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது, பிபி பார்ப்பது. கலிஃபோர்னியாவில் இதற்கு 60 மணி நேர வகுப்பும் 100 மணி நேர நேரடிப் பயிற்சியும் போதும். எல்.வி.என். அதற்கு மேல், ஏறத்தாழ ஒன்று ஒன்றரை வருடம். வேறு மாநிலங்களில் இதையே எல்.பி.என். என்பார்கள். ஆர்.என்.தான் நம் ஊரில் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மனதில் வைத்திருப்பது. இந்தப் பக்கம் முழுக்க ஆர்.என். பற்றித்தான்.

ரெண்டு வருஷக் கோர்ஸ்தானே? சின்னவன் கிண்டர்கார்ட்டன் போறதுக்குள்ள முடிச்சிடலாம்ல?

நான் அதிகம் பேரை வருத்தப்பட வைக்கும் பதில் இதுதான். நர்சிங் வகுப்புகள் இரண்டு வருடம். அந்த வகுப்புக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறவே இன்னொரு இரண்டு வருடம் ஆகிவிடும். மனதில் நான்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் முன்தேவைப் பாடங்கள். கலிஃபோர்னியா விதிப்படி ஆர்.என். உரிமத்துக்குக் குறைந்தது 58 செமஸ்டர் யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும்: நர்சிங் 36, ஆங்கிலமும் பேச்சும் சேர்ந்த தொடர்புப் பாடங்கள் 6, அறிவியல் 16. இந்த அறிவியலில்தான் அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் அடக்கம். மூன்றுக்கும் லேப் உண்டு. அவற்றை எடுக்க முன்னதாகக் கெமிஸ்ட்ரியோ அடிப்படை பயாலஜியோ கேட்பார்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்பதால் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் அள்ளிப் போட முடியாது. பெரும்பாலான காலேஜ்கள் ஸ்டாடிஸ்டிக்ஸும் சைக்காலஜியும் சேர்த்துக் கேட்கின்றன.

இன்னொன்று, அனாட்டமி வகுப்பில் இடம் கிடைப்பதே ஒரு தனிப் போர். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பதிவு நாள் கடைசியில்தான் வரும், அதற்குள் வகுப்பு நிரம்பியிருக்கும். நான் முதல் நாள் வகுப்பறைக் கதவருகே சுவரில் சாய்ந்து நின்றேன். பெயர் பதிந்தும் வராதவர்கள் மூன்று பேர், வெளியே நின்றவர்கள் பதினொரு பேர். ஆசிரியர் சீட்டு எழுதிக் குலுக்கி, வகுப்பில் சேர்ந்துகொள்வதற்கான ஆட் கோட் கொடுத்தார். எனக்கு விழவில்லை. அடுத்த செமஸ்டரில்தான் கிடைத்தது. ஒரு செமஸ்டர் அப்படியே போயிற்று.

எனக்கு சென்னைல பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. திரும்பவும் அனாட்டமி, இங்கிலீஷ் எல்லாம் படிக்கணுமா?

பெரும்பாலும் ஆமாம். வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை முதலில் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து அமெரிக்கக் கணக்குக்கு மாற்ற வேண்டும். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்பதைக் காலேஜே பட்டியல் போட்டிருக்கும். பாடம் வாரியாக உள்ள மதிப்பீட்டைக் கேளுங்கள். பட்டத்தை மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை இந்த வேலைக்கு உதவாது.

மாற்றிக் கொடுத்தாலும், வெளிநாட்டில் எடுத்த லேப் பாடத்தையும் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும் ஏற்காத காலேஜ்கள் நிறைய. ஏற்பவர்களும் "கடைசி ஐந்து வருடத்துக்குள்", "ஏழு வருடத்துக்குள்" என்று அறிவியலுக்குக் காலக்கெடு வைத்திருக்கலாம். 2009-ல் முடித்தவருக்கு அந்தக் கதவும் மூடியதுதான். ஆனால் பட்டத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். நர்சிங் சேர்க்கைக்கான பாயிண்ட் கணக்கில் அது உதவும், கீழே சொல்கிறேன்.

நான் ஊர்லயே பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு அப்போலோல வேலை பாத்தவ. எனக்கும் இதே வழிதானா?

இல்லை! தயவுசெய்து முதலிலிருந்து தொடங்காதீர்கள். நீங்கள் வெளிநாட்டில் படித்த நர்ஸ் என்ற வகையில் நேரடியாகக் கலிஃபோர்னியா நர்சிங் போர்டுக்கு விண்ணப்பித்து என்க்ளெக்ஸ் எழுத அனுமதி வாங்க வேண்டும். உங்கள் நர்சிங் காலேஜிலிருந்து பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் இங்கே வந்து சேர வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அதுதான். ஏதாவது ஒரு பகுதி குறைகிறது என்று போர்டு சொன்னால், அந்தப் பகுதியை மட்டும் இங்கே ஒரு காலேஜில் படித்து முடிக்கலாம். கம்யூனிட்டி காலேஜ் உங்களுக்கு அப்போது மட்டும்தான்.

எச்4 விசால இருக்கேன். சேரலாமா?

படிக்கலாம். எச்4-ல், அதாவது எச்1பி வேலை விசாக்காரரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசாவில் இருப்பவர், எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறாமலே காலேஜில் படிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கலிஃபோர்னியாவில் எச்4 குடும்பங்கள் குறைந்த கட்டணத்துக்கு உரிய "மாநிலவாசி" என்ற தகுதியையும் பெறலாம். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வசித்திருக்க வேண்டும், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், மாநில வரி போன்ற சான்றுகள் வேண்டும். எஃப்1-ல் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் "மாணவர் விசாதான் மரியாதை" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

படிப்பது வேறு, வேலை பார்ப்பது வேறு. நர்சிங் உரிமம் கையில் இருந்தாலும் வேலை அனுமதி அட்டை, அதாவது ஈ.ஏ.டி., இல்லாமல் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 2015-ல் வந்த விதிப்படி, கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் எச்4-க்கு ஈ.ஏ.டி. கிடைக்கும். எச்1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டவர்களின் துணைக்கும் வழி உண்டு. முதலில் வீட்டில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள்.

"மருத்துவமனை எச்1பி கொடுத்துவிடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு நான்கு வருடப் பட்டப் படிப்பு கட்டாயமில்லை என்பதால் எச்1பி பொதுவாகப் பொருந்தாது. நர்சுகளுக்குக் கிரீன் கார்டில் ஒரு சலுகை உண்டு, முதலாளி தொழிலாளர் துறைச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசையின் நீளம் உங்களுக்கே தெரியும்.

ஃபீஸ் எவ்வளவு ஆகும்? நிஜமாவே கம்மியா?

மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர். மேலே சொன்ன 58 யூனிட்டைப் பெருக்கினால் 2,668 டாலர். டி ஆன்ஸா மாதிரி குவார்ட்டர் முறையில் நடப்பவற்றில் ஒரு யூனிட் 31 டாலர், ஆனால் யூனிட் எண்ணிக்கை கூடும், கடைசியில் சமம்தான். மாநிலவாசி இல்லாதவருக்கு யூனிட்டுக்குப் பல நூறு டாலர். அதனால்தான் வந்து இறங்கிய முதல் வருடம் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

கட்டணத்துக்கு வெளியே புத்தகம், சீருடை, ஸ்டெதாஸ்கோப், தடுப்பூசி, பின்னணிச் சோதனை, ஆன்லைன் பயிற்சிச் சந்தா, மருத்துவமனைப் பார்க்கிங், பெட்ரோல் எல்லாம் உண்டு. மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதித் தகுதி போன்ற சில நிலைகளில் உள்ளவர்களுக்கும். எச்4-க்கு அது இல்லை.

டீஸ் டெஸ்ட் கஷ்டமா? நம்ம நீட் மாதிரியா?

நீட்டோடு ஒப்பிடவே வேண்டாம். டீஸ் என்பது நர்சிங் சேர்க்கைக்குக் கேட்கும் நுழைவுத் தேர்வு. 170 கேள்வி, 209 நிமிடம், நான்கு பகுதி: வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம். கணக்கு நம் எட்டாம் வகுப்பு அளவு. சதவீதம், விகிதம், அளவு மாற்றம். திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும். அறிவியலில் மனித உடல்தான் பெரும் பகுதி, அனாட்டமியும் ஃபிசியாலஜியும் முடித்த கையோடு எழுதினால் பாதி வேலை முடிந்தது. சில காலேஜ்கள் இதற்குப் பதில் ஹெசி என்ற தேர்வைக் கேட்கும்.

நம்மவர்கள் சறுக்குவது வாசிப்பில். ஒரு பத்தியைக் கொடுத்து "எழுதியவரின் நோக்கம் என்ன?" என்பார்கள். நாம் நமக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்வோம், அவர்கள் கேட்பது அந்தப் பத்தியில் இருப்பதை மட்டும். கலிஃபோர்னியாவின் பல கம்யூனிட்டி காலேஜ்களில் மொத்தத்தில் 62 சதவீதம் தாண்டினால் தகுதி. ஆனால் பாயிண்ட் முறை உள்ள இடத்தில் 62 வெறும் வாசல்படி. முதல் முயற்சியின் மதிப்பெண்ணை மட்டும் எடுக்கும் காலேஜ்களும் உண்டு, "சும்மா ஒரு தடவை எழுதிப் பாப்போம்" என்று போகாதீர்கள்.

பாயிண்ட் எப்படிப் போடறாங்க? தமிழ் தெரிஞ்சா பாயிண்ட் உண்டாமே, நிஜமா?

நிஜம், இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் தேர்ந்தெடுக்கக் கலிஃபோர்னியா கல்விச் சட்டம் சில அளவுகோல்களைச் சொல்கிறது. முன்பு வாங்கிய பட்டம், முன்தேவைப் பாடங்களின் மதிப்பெண், சுகாதாரத் துறையில் வேலை அல்லது தன்னார்வ அனுபவம், வாழ்க்கைச் சூழல், அப்புறம் ஆங்கிலம் அல்லாத மொழித் திறமை. அந்த மொழிகளுக்கு உதாரணமாக ஸ்பானிஷ், அரபு, சீனம், டகாலோக், சைகை மொழி ஆகியவற்றோடு இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளையும் சட்டமே சொல்கிறது. தமிழ் அதற்குள் வருகிறது.

நிரூபிக்கும் விதம் காலேஜுக்குக் காலேஜ் மாறும். ஓரிடத்தில் தேர்வு, இன்னோரிடத்தில் தமிழ் வழிப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல், வேறோரிடத்தில் சான்றளித்த கடிதம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஊரில் அம்மா வீட்டு பீரோவில் இருந்தால் இப்போதே ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். என்னுடையது ரேஷன் கார்டு கவருக்குள் கிடந்து, தம்பி கண்டுபிடிக்கப் பதினாறு நாள் ஆனது. விண்ணப்ப வாரத்தில் தேடினால் கதை முடிந்தது.

வாழ்க்கைச் சூழல் என்ற பகுதியைப் பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். குறைந்த வருமானம், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் காலேஜ் போவது, உடல் குறைபாடு, குடும்பத்தில் கடினமான நிலை, அகதித் தகுதி எல்லாம் அதில் வரும். இலங்கையிலிருந்து அகதியாக வந்த ஒரு தங்கை, "அதை எழுதினா பரிதாபம் தேடற மாதிரி இருக்காதா?" என்று கேட்டாள். சட்டம் கேட்கிறது, நீ பதில் சொல்கிறாய், அவ்வளவுதான் என்றேன். எச்4-ல் ஈ.ஏ.டி. இல்லாதவர்கள் வேலை அனுபவத்துக்கு ஆசைப்பட்டு எங்கேயும் சம்பளத்துக்குப் போய்விடக் கூடாது. மருத்துவமனைகளின் முறையான தன்னார்வத் திட்டங்கள் போதும்.

எல்லா காலேஜும் பாயிண்ட்தானா? லாட்டரின்னும் சொல்றாங்களே?

தகுதி பெற்ற எல்லோர் பெயரையும் போட்டுக் குலுக்கும் காலேஜ்களும் உண்டு. இரண்டையும் கலப்பவர்களும் உண்டு. மதிப்பெண் சுமாராக இருந்தால் குலுக்கலும், நன்றாக இருந்தால் பாயிண்ட்டும் நமக்குச் சாதகம். ஒரே நேரத்தில் எத்தனை காலேஜுக்கும் விண்ணப்பிக்கலாம், தடையில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் முன்தேவைப் பாடம் ஒரு சின்ன விஷயத்தில் வித்தியாசப்படும். ஓரிடம் அனாட்டமி தனி, ஃபிசியாலஜி தனி என்று கேட்கும். இன்னோரிடம் பேச்சுப் பாடம் வேண்டும் என்று சொல்லும். நான் பெரிய சார்ட் தாளில் நான்கு காலேஜுக்கும் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன்.

கட்டத்தில் நிரப்ப வேண்டியதை நர்சிங் துறை வெளியிடும் விண்ணப்பக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். பொதுக் கவுன்சிலர் சொன்னதை நம்பி நான் எடுத்த ஒரு ஊட்டச்சத்துப் பாடம் எந்தக் காலேஜுக்கும் தேவைப்படவில்லை. அவர் நல்லவர்தான், பழைய கையேட்டை வைத்துச் சொல்லிவிட்டார்.

பிரைவேட் காலேஜ்ல உடனே சீட் தர்றாங்களாம். காசு போனா போகுதுன்னு சேர்ந்துடவா?

சேரலாம், கணக்குப் போட்ட பிறகு. சில இடங்களில் மொத்தச் செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். வருடக்கணக்கில் காத்திருப்பதைவிட அது லாபம் என்று நினைக்கும் குடும்பமும் உண்டு, அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். சேர்வதற்கு முன் கலிஃபோர்னியா நர்சிங் போர்டின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற பள்ளிகளின் பட்டியலைப் பாருங்கள். அதிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் முதல் முயற்சியில் என்க்ளெக்ஸ் தேறியவர்களின் சதவீதம் வருடவாரியாக இருக்கும். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் போர்டு அந்தப் பள்ளியைக் கேள்வி கேட்கும். பட்டியலிலேயே பெயர் இல்லாத பள்ளி "விரைவில் ஒப்புதல் வந்துவிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு 43 வயசு. சின்னப் பசங்களோட உக்காந்து படிக்க ஒரு மாதிரியா இருக்காதா?

என் வகுப்பில் என்னைவிடப் பெரியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவருக்குப் பேத்தி உண்டு. வயது வரம்பு எதுவும் கிடையாது. கஷ்டம் முட்டியில்தான், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நல்ல ஷூ வாங்குங்கள், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சீட் கிடைச்சாச்சு, ஆனா டி.பி. டெஸ்ட் பாசிடிவ்னு வந்துடுச்சு! எனக்கு டி.பி. இருக்கா?

அழுதுகொண்டே வந்த தொலைபேசி அழைப்புகளில் இது முதலிடம். இடது தோளைப் பாருங்கள், வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி அது. முன்கையில் மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை ஸ்கேல் வைத்து அளக்கும் தோல் சோதனையில், பி.சி.ஜி. போட்டவர்களுக்குக் கிருமியே இல்லாமலும் வீங்கலாம். எனக்கு 14 மில்லிமீட்டர் வீங்கியது. நர்ஸ் அம்மா பேனாவால் ஓரம் வரைந்து அளந்தபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் முதலிலேயே "எனக்கு ரத்தச் சோதனை செய்யுங்கள்" என்று கேளுங்கள். குவாண்டிஃபெரான் என்பது அதில் ஒன்று, அதை பி.சி.ஜி. குழப்பாது. அதுவும் பாசிடிவ் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். கிருமி உறங்கும் நிலையில் இருக்கலாம், அதற்கு மாத்திரை உண்டு, சீட் பறிபோகாது. மறைக்க மட்டும் வேண்டாம்.

இதோடு தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, சின்னம்மை எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். ஊரில் போட்ட ஊசிக்குச் சீட்டு இருக்காது, சிலருக்குப் பொன்னுக்குவீங்கி ஊசி போட்டிருக்கவே மாட்டார்கள். இல்லையென்றால் எம்.எம்.ஆர். இரண்டு தவணை, இடைவெளி 28 நாள். வழக்கமான ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை முடிய ஆறு மாதம். எம்.எம்.ஆர். போட்ட பிறகு டி.பி. சோதனைக்குப் போனால் நான்கு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள், ஆகவே இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள். சீட் வந்த பிறகு தொடங்கினால் தேதி உதைக்கும். விண்ணப்பம் போட்ட வாரமே ஹெபடைடிஸ் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக்கல்ல தாலி, மூக்குத்தி கழட்டணுமா?

கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், தொங்கும் சங்கிலி கூடாது என்பது பொது விதி. குழம்பிய நோயாளி பிடித்து இழுத்தால் உங்களுக்குத்தான் ஆபத்து. என் வகுப்பில் நான் தாலியை மெல்லிய சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் விட்டு, உள்சட்டையோடு ஊக்கு குத்தியிருந்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டுச் சரி என்றார். எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்று உறுதி கொடுக்க முடியாது, எழுதிக் கேட்டுவிடுங்கள். கண்ணாடி வளையல், கல் வைத்த மோதிரம், நகப்பூச்சு, ஒட்டு நகம் கிடையாது. சின்ன மூக்குத்தியைச் சில இடம் விடும், சில இடம் விடாது. மெட்டி ஷூவுக்குள், யார் கண்டார்கள்.

எனக்குக் கணக்கே வராது. மருந்து கணக்குல ஃபெயில் ஆனா வெளிய அனுப்பிடுவாங்களாமே?

மருந்தளவுத் தேர்வில் 90 சதவீதம் அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். இரண்டு மூன்று வாய்ப்பு தருவார்கள், அதற்குள் வராவிட்டால் அந்த செமஸ்டர் போச்சு. கேள்வி இப்படி இருக்கும்: மருத்துவர் எழுதியது டிகாக்சின் 0.25 மில்லிகிராம். கையில் இருப்பது 125 மைக்ரோகிராம் மாத்திரை. எத்தனை கொடுப்பீர்கள்? 0.25 மில்லிகிராம் என்பது 250 மைக்ரோகிராம், ஆகவே இரண்டு. இன்னொன்று: ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மணிக்கு எவ்வளவு? 125 மில்லிலிட்டர்.

இதில் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. கிராம், லிட்டர் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே பிறந்த தோழிகள் மில்லி, மைக்ரோ என்றால் திணறுவார்கள். நமக்குத் திணறல் பவுண்டில்தான். 2.2-ஆல் வகுத்தால் கிலோ, அதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

மாமியார் "பெட்பேன் தூக்கவா அமெரிக்கா போன?"ங்கறாங்க. என்ன சொல்ல?

என் மாமியாரும் அதையேதான் கேட்டார். "ஆமாம் அத்தை, அதுவும்தான்" என்றேன். பொய் சொல்லி என்ன பயன்? முதல் செமஸ்டரில் பாதி நேரம் குளிப்பாட்டுவதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும்தான். அருவருப்பு இரண்டு வாரத்தில் போய்விடும். எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது அனாட்டமி லேபில் பூனை அறுத்தது. சைவ வீட்டில் வளர்ந்தவள், அந்த மருந்து நாற்றம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். லேப் நாளில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

என் பொண்ணுக்கு 17 வயசு, எச்4. நேரா ஹை ஸ்கூல் முடிச்சு நர்சிங் சேர்த்துடலாமா?

மூன்றாவது பதிலில் சொன்ன நான்கு வருடத்தை அவள் வயதோடு கூட்டுங்கள். 21 வந்துவிடுகிறது. 21-வது பிறந்தநாள் வந்ததும் எச்4 அவளுக்குச் செல்லாது. அப்போது எஃப்1-க்கு மாறினால் மாநிலவாசித் தகுதி போய் யூனிட் கட்டணம் பல மடங்காகும், எஃப்1 மாணவர்களை நர்சிங்கில் எடுக்காத கம்யூனிட்டி காலேஜ்களும் உண்டு. ஹை ஸ்கூல் இங்கே படித்தவர்களுக்கான ஏ.பி. 540 கட்டணச் சலுகை எஃப்1, எச்4 போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. படிப்பு நடுவில் விசா மாற்றுவது ஒரு பெண்ணின் தலையில் வைக்க வேண்டிய சுமை இல்லை. காலேஜில் பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து உட்காருங்கள்.

எஸ்.எஸ்.என். இல்லாம லைசென்ஸ் கிடைக்குமா?

கலிஃபோர்னியாவில் எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லாவிட்டால், வரி அடையாள எண்ணான ஐ.டி.ஐ.என். வைத்தும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். கைரேகைப் பதிவு எல்லோருக்கும் உண்டு. என்க்ளெக்ஸ் கட்டணம் 200 டாலர், குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. 85-ல் கணினி நின்றுவிட்டால் பதறாதீர்கள், அது தேறியதாலும் இருக்கலாம், தேறாததாலும் இருக்கலாம். உரிமம் வந்தாலும் வேலை அனுமதி தனி, எச்4 பதிலைத் திரும்பப் பாருங்கள்.

ஏ.டி.என். வச்சு இங்க வேலை கிடைக்குமா? எல்லாரும் பி.எஸ்.என். கேக்கறாங்களே?

வளைகுடாப் பகுதியில் பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். விரும்புகின்றன, மறைக்க ஒன்றுமில்லை. நியூயார்க்கில் ஆர்.என். ஆன பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும் என்று 2017-ல் சட்டமே வந்தது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. பெரும்பாலோர் முதல் வேலையை முதியோர் பராமரிப்பு மையத்திலோ, டயாலிசிஸ் மையத்திலோ, கொஞ்சம் தள்ளி சென்ட்ரல் வேலியிலோ எடுத்துக்கொண்டு, ஆன்லைனில் பி.எஸ்.என். முடிக்கிறார்கள். சில கம்யூனிட்டி காலேஜ்கள் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஏ.டி.என். படிக்கும்போதே கோடை விடுமுறையில் பி.எஸ்.என். பாடங்களை எடுக்க விடுகின்றன. சேரும்போதே இதைக் கேளுங்கள்.

நான் முதல் எட்டு மாதம் ஒரு முதியோர் மையத்தில் இருந்தேன். மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு இரவில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்து கொடுக்க வேண்டும். அங்கே ஒரு திருநெல்வேலிப் பாட்டி இருந்தார், மறதி நோய், ஆங்கிலம் போயே போய்விட்டது. எல்லோரும் "ஒத்துழைக்க மாட்டார்" என்று குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். "பாட்டி, மாத்திரை போட்டுக்கிடுதீயளா?" என்றேன். வாயைத் திறந்தார்.